உங்களுக்குத் தெரியுமா? மட்டாஞ்சேரி மிளகும் வியட்நாம் ஃபோவும்

● ஃபோ வியட்நாம்காரர்களின் காலைச் சாப்பாடு. மாட்டெலும்பைச் சிறுதீயில் பல மணி நேரம் வைத்து இறக்கிய தெளிந்த சாறு, அதில் தட்டையான அரிசி நூடுல்ஸ், மேலே மெல்லிசாகச் சீவிய இறைச்சி, வெங்காயத்தாள். நம் இடியாப்பம் பாயாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹனோய் நடைபாதையில் குட்டை பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு கிண்ணம் ஏறக்குறைய 50,000 டோங். பயந்துவிடாதீர்கள், நம் காசில் இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

● அந்தச் சாறில் சேரும் சரக்குகளை கொச்சியின் மட்டாஞ்சேரி மசாலாக் கடைக்காரரிடம் கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார்: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், கொத்தமல்லி விதை. இவற்றோடு நெருப்பில் நேரடியாகச் சுட்டெடுத்த இஞ்சியும் வெங்காயமும் சேரும். சாறின் நிறமும் மெல்லிய இனிப்பும் அந்தச் சுட்ட வெங்காயத்தின் உபயம். அடுப்பைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டால் சாறு கலங்கிவிடும். கலங்கிய சாறை ஹனோய்க்காரர் மதிக்க மாட்டார்.

● தலைச்சேரி பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் மணம் தரும் அன்னாசிப்பூ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. அது செழித்து விளைவது வியட்நாமின் லாங் சோன் மாகாணத்திலும் சீனாவின் குவாங்சி பகுதியிலும்தான். பறவைக் காய்ச்சலுக்குத் தரும் ‘டாமிஃப்ளூ’ மாத்திரைக்கு மூலப்பொருளான ஷிகிமிக் அமிலமும் இதிலிருந்தே எடுக்கப்பட்டது. நம் அஞ்சறைப் பெட்டியில் கெட்டியாகச் சுருண்டு கிடக்கும் பட்டையும் பல வீடுகளில் வியட்நாம் பட்டைதான். இலங்கைப் பட்டை காகிதம்போல மெல்லியது, விலையும் அதிகம்.

● இனி மிளகு. மட்டாஞ்சேரி யூதத் தெருவில்தான், 1957இல் தொடங்கிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் மிளகுக்கு முன்பேரச் சந்தை நடத்தியது. தரகர்கள் கூச்சல் போட்டே விலை பேசிய காலம் அது. இன்று மிளகு ஏற்றுமதியில் உலகின் முதலிடம் வியட்நாமுக்கு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை விட்டுக்கொடுக்கவில்லை. மலிவான வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்குள் வருகிறது என்று இடுக்கி, வயநாடு, குடகு விவசாயிகள் குமுறினார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு, இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. ஃபோவின் மேல் தூவும் மிளகுப்பொடிக்குப் பின்னால் இவ்வளவு வழக்கு இருக்கிறது.

● வட வியட்நாமின் நாம் தின், ஹனோய் பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது ஃபோ. உழவு மாட்டை வெட்டிச் சாப்பிடும் பழக்கம் அங்கே அதிகம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வந்து மாட்டிறைச்சி கேட்ட பிறகு எலும்பு மலிவாக மிஞ்சியது. 1954இல் நாடு இரண்டானபோது லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள், ஃபோவும் கூடவே போனது. முளைப்பயறு, துளசி வகை இலைகள் எல்லாம் தெற்கில் சேர்ந்தவை. ஹனோய்க்காரர்களுக்கு இன்றும் அது அதிகப்பிரசங்கித்தனம்.

● வியட்நாம் போர்க்காலத்தில் ஹனோயின் அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாத ஃபோ கிடைத்தது. மேலே அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானங்கள் பறந்துகொண்டிருந்ததால், மக்கள் அதற்கு ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

● சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், அப்போது ‘ஃபோ பின்’ என்றொரு சின்னக் கடை. ‘அமைதி ஃபோ’ என்று பொருள். கீழே அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து நூடுல்ஸ் உறிஞ்சிவிட்டுப் போவார்கள். மாடி அறையில், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் படையினர் 1968 ஜனவரி இறுதியில் நடந்த டெட் தாக்குதலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தூதரகம்வரை ஆடிப்போன தாக்குதல் அது. கடைக்காரர் ங்கோ தோய் கைதாகிச் சிறைக்குப் போனார். மலிவான சாப்பாட்டுக் கடையை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதை அவரைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் இல்லை.

● சைகோனுக்கும் தமிழருக்கும் பழைய ஒட்டு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் அங்கே அரசுப் பணியில் இருந்தார்கள், நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். அவர்கள் காலத்து மாரியம்மன் கோயில் இன்றும் நகர நடுவில் இருக்கிறது. வந்து கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வழியாக ‘சாயோ’ என்ற பொரித்த சுருள் புதுச்சேரிச் சமையலறைகளுக்கு வந்து சேர்ந்தது. ஃபோ ஏனோ அந்த அளவுக்குப் பரவவில்லை. நம் ஊர் வெயிலைக் குற்றம் சொல்லலாம், ஆனால் சைகோன் வெயிலும் குறைச்சலில்லை.

● சைவர்கள் கவனிக்க: காய்கறி மட்டும் போட்ட ஃபோ என்று சொன்னாலும் சாறில் மீன் சாறு கலந்திருக்கலாம். ‘சாய்’ என்று கேளுங்கள். அங்கே அது தேநீர் அல்ல, சைவ உணவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பௌத்தர்கள் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குத் தேடுவது சுலபம்.

● சாப்பிடும் முறை: முதலில் சாறை வெறுமனே ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். பிறகுதான் எலுமிச்சை, மிளகாய். கிண்ணம் வந்ததும் ருசி பார்க்காமலே சாஸைக் கொட்டுவது, பிரியாணியைத் தொடுவதற்கு முன்பே உப்பு கேட்பதற்குச் சமம்.

● 2023 ஜூனில் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாக வியட்நாமுக்குப் போனபோது, குறைந்த விலையில் நல்ல சாப்பாடு என்ற பட்டியலில் ஃபோ கடைகள் பல இடம்பிடித்தன. மட்டாஞ்சேரியில் 1948 முதல் நடக்கும் காயீஸ் ரஹ்மத்துல்லா ஹோட்டலுக்கு அப்படி யாரும் முத்திரை ஒட்டவில்லை. ஒட்டாவிட்டாலும் மதியம் தாண்டினால் அங்கே பிரியாணி கிடைப்பது சந்தேகம்தான்.

● அதே ஆண்டு ஆகஸ்டில் கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட் நேரடி விமானம் தொடங்கியது, நவம்பரில் திருச்சியிலிருந்தும். ஹனோய்வரை போகிறவர்கள் பாட் தான் தெரு 49ஆம் எண் கடையைத் தவறவிட வேண்டாம். அங்கே வரிசையில் நிற்க வேண்டும், காசை முன்னாலேயே கொடுக்க வேண்டும், கொதிக்கும் கிண்ணத்தை மேசைக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கைக்குட்டை எடுத்துப் போங்கள்.