தீயிற் புடமிடப்படும் கலங்கள்

பொன்னின் மாற்றைத் தீயிலிட்டு அறிதல் தொன்றுதொட்டு வந்த வழக்கம். அணுயுகத்தில் உருக்குக் கலங்களும் இவ்வாறே புடமிடப்படுகின்றன. அணுவுலைகளினின்றும் ஆய்வுகூடங்களினின்றும் வெளிவரும் கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவுகளுட் பல நெடுங்காலம் தீங்கு நீங்காதவை. அவற்றை அடக்கிய கலம் தீயில் உடையுமாயின், நுண்ணிய துகள்கள் புகையோடு கலந்து மக்களின் சுவாசப்பையைச் சென்றடைதல் கூடும். ஆகவே கலத்தின் உறுதியை முன்னரே சோதித்தறிதல் இன்றியமையாததாகின்றது.

சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 1961 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டுக் காலந்தோறும் திருத்திவரும் போக்குவரத்து விதிகள், செறிவுமிக்க பொருள்களைக் கொண்டுசெல்லும் கலங்களுக்குக் கடுஞ்சோதனைகளை விதிக்கின்றன. கலம் 9 மீற்றர் உயரத்திலிருந்து நெகிழாத தளத்தின்மீது வீழ்த்தப்படும். 1 மீற்றர் உயரத்திலிருந்து உருக்குத் தண்டொன்றின் மீதும் விழவிடப்படும். இவ்வாறு அடிபட்ட அதே கலமே பின்னர் 800 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள தீயால் 30 நிமிடம் சூழப்படும். விபத்தில் மோதலை அடுத்துத் தீ மூளுதல் இயல்பாதலின், இவ்வொழுங்கு பொருத்தமானதே.

தீ அணைந்ததும் சோதனை முடிந்துவிடுவதில்லை. தடித்த சுவரிற் புகுந்த வெப்பம் அதன் பின்னரும் உள்நோக்கிப் பரவும். மூடியின் இடைவெளியை அடைக்கும் வளையம், தீ அணைந்த பின்னரே தன் உச்ச வெப்பநிலையை அடைதலும் உண்டு. ஆதலால் நீரூற்றிக் குளிர்விக்க விதிகள் இடந்தருவதில்லை; கலம் தானே ஆறுதல் வேண்டும். சில கலங்களிற் கதிர்களைத் தடுக்கும் ஈயம் 327 பாகையில் உருகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் இச்சோதனை புறத்தே மூளும் தீயைப் பற்றியது. அகத்தே பிறக்கும் தீயின் கொடுமையை 2014 ஆம் ஆண்டு உணர்த்திற்று. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், ஏறக்குறைய 655 மீற்றர் ஆழத்து உப்புப்படையில் அமைந்த கழிவுக் களஞ்சியத்தில், அவ்வாண்டு பெப்ரவரி 14 ஆந் திகதி உருக்குப் பீப்பாய் ஒன்றின் மூடி பிளந்தது. இத்தகைய பீப்பாய்கள் மேற்கூறிய பெருங்கலங்களினுள் வைத்துக் கொண்டுவரப்பட்டு, பின்னர் வெளியே எடுத்து அடுக்கப்படுவன. லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திலிருந்து வந்த அப்பீப்பாயில், நைத்திரேற்று உப்புக்களோடு களிமண் வகை உறிஞ்சுபொருளுக்குப் பதிலாகக் கோதுமையிலிருந்து ஆக்கப்பட்ட உறிஞ்சுபொருள் சேர்க்கப்பட்டிருந்தது. நைத்திரேற்று ஒட்சியேற்றி, கோதுமையோ எரியத்தக்கது. இவை சேர்ந்த கலவையின் இரசாயனத் தாக்கம் வெப்பத்தையும் வாயுவையும் பெருக்கிற்று. ஊழியர் 22 பேர் சிறிதளவு மாசுற்றனர். 2017 ஆம் ஆண்டு வரை களஞ்சியத்திற் கழிவு வைக்கும் பணி தடைப்பட்டது.

புடத்தில் வென்ற கலம் தன் சுவரின் உறுதிக்கே சான்று பகரும்; தன்னுள் இடப்பட்ட பொருளின் இயல்புக்குச் சான்று பகராது. எனவே கலத்தை ஆக்குவோனின் திறமையோடு, அதனை நிரப்புவோனின் இரசாயன அறிவும் விழிப்பும் ஒருங்கு சேர்ந்தாலன்றிக் காவல் நிறைவுறாது. உறிஞ்சுபொருள் ஒன்றின் பெயரைப் பிழையின்றிக் குறித்துவைக்கும் சிறு பணியும், பெருந்தீச் சோதனைக்கு ஈடான காவற்பணியேயாகும்.