வடக்கிலே ஒரு சொல், தெற்கிலே ஒரு சொல்

தேர்தல் மேடைகளில் எழும் குற்றச்சாட்டுகளுள் மிகப் பழையது ஒன்றுண்டு. “இவர் அன்று ஒன்று சொன்னார், இன்று வேறொன்று சொல்கிறார். அங்கே ஒன்று பேசினார், இங்கே வேறொன்று பேசுகிறார்” என்பதே அது. இதனைச் சொல்வது எளிது, மறுப்பது அரிது. கூட்டமும் கைதட்டிக் கலைந்துவிடும். ஆனால், நேயர்களே, வாக்களிக்கப் போகும் நாம் அத்துடன் நின்றுவிடலாமா? சொல் மாறுவதெல்லாம் ஒரே வகையான மாற்றந்தானா? அமெரிக்காவில் 1858ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு தேர்தற் போட்டியைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

இலினோய் மாநிலத்தின் செனற் சபைப் பதவிக்கு அவ்வாண்டு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் ஸ்டீபன் டக்ளஸ், நாடறிந்த தலைவர், அப்பதவியை ஏற்கெனவே வகித்தவர். மற்றவர் ஆபிரகாம் லிங்கன் என்னும் வழக்கறிஞர். மேற்கே புதிதாகக் குடியேற்றம் நிகழ்ந்த நிலப்பரப்புகளில் அடிமை முறையை அனுமதிப்பதா என்பதே அவர்களுக்கிடையே எழுந்த வினா. அங்குக் குடியேறியோரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார் டக்ளஸ். அடிமை முறை தீயது. அது மேலும் பரவுதல் ஆகாது என்றார் லிங்கன். ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை ஏழு ஊர்களில் இருவரும் ஒரே மேடையில் நின்று வாதிட்டனர். முதலிற் பேசுபவருக்கு ஒரு மணி நேரம். மறுப்பவருக்கு ஒன்றரை மணி நேரம். முதலிற் பேசியவருக்கு மீண்டும் அரை மணி நேரம். மக்கள் திரள் திரளாக வந்து பொறுமையுடன் கேட்டனர்.

இலினோய் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மாநிலம். அதன் வடபகுதியில் நியூ இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோர் மிகுதி; அவர்களுட் பலர் அடிமை முறையை வெறுத்தனர். தென்பகுதியில் கென்டக்கி, டெனசி முதலிய அடிமை மாநிலங்களிலிருந்து வந்தோர் மிகுதி. கறுப்பின மக்களைத் தமக்குச் சமமானவர்களாக எண்ண அவர்கள் ஒருப்படவில்லை. ஒரே வேட்பாளர் இவ்விரு சாராரின் ஆதரவையும் பெற வேண்டியிருந்தது.

ஜூலை 10ஆம் திகதி வடக்கே சிக்காகோ நகரிற் பேசிய லிங்கன், இந்த இனம் அந்த இனம் என்னும் பேச்சை விட்டொழித்து, மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டோர் என்பதை ஏற்போம் என்றார். செப்டெம்பர் 18ஆம் திகதி, தென்பக்கத்து ஊராகிய சாள்ஸ்டனில் அவரே பேசியபோது, கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையோ, யூரிமாராக அமரும் உரிமையோ வழங்குவதைத் தாம் ஆதரிக்கவில்லை என்றார். ஒக்டோபர் 7ஆம் திகதி கேல்ஸ்பேர்க் மேடையில் டக்ளஸ் இவ்விரண்டு பேச்சுகளையும் அருகருகே வைத்துக் காட்டி, வடக்கிலே ஒரு கொள்கை, தெற்கிலே ஒரு கொள்கையா என்று கேட்டார்.

லிங்கன் கூறிய விடை கவனிக்கத் தக்கது. தம் பேச்சுகள் அச்சேறி வடக்கிலும் தெற்கிலும் படிக்கப்படும் என்பதை அறியாதவரா தாம் என்று அவர் திருப்பிக் கேட்டார். சிக்காகோப் பத்திரிகைகள் சுருக்கெழுத்தாளரை அனுப்பி ஒவ்வொரு விவாதத்தையும் முழுமையாக வெளியிட்டு வந்த காலம் அது. வாழ்வதற்கும், சுதந்திரமாயிருப்பதற்கும், தன் உழைப்பின் பயனைத் தானே துய்ப்பதற்கும் உள்ள உரிமை எல்லோர்க்கும் பொது. அரசியற் சமத்துவமும் சமூகச் சமத்துவமும் வேறு. இரண்டையும் தாம் என்றுமே பிரித்துப் பேசி வந்ததாக அவர் விளக்கினார்.

தருக்க முறைப்படி பார்த்தால் இவ்விடை நிற்கும். ஆயினும் டக்ளஸின் குற்றச்சாட்டு முற்றிலும் வெறுமையானதென்று சொல்லிவிட முடியாது. தம் கருத்தின் எப்பகுதியை எவ்வூரில் உரத்துச் சொல்வது, எப்பகுதியை அடக்கி வாசிப்பது என்பதை லிங்கன் நன்கு அறிந்திருந்தார். அவ்வாறு அடக்கப்பட்டது யாருடைய உரிமை? இலினோயில் வாழ்ந்த கறுப்பினத்தவருக்கு அன்று வாக்கில்லை. வெளியிலிருந்து அவர்கள் வந்து குடியேறுவதையும் 1853ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்திருந்தது. வாக்கில்லாதவர்களைப் பற்றி வாக்குள்ளவர்கள் முன்னிலையில் நடந்த வாதம் அது.

டக்ளஸும் இக்குற்றச்சாட்டுக்குத் தப்பவில்லை. வடபுலத்து நிலப்பரப்புகளில் அடிமை முறையைத் தடுத்த 1820ஆம் ஆண்டின் மிசூரி உடன்பாட்டை 1849இல் புகழ்ந்தவர் அவர். 1854இல் அதனை நீக்கிய சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. இதனை லிங்கன் எடுத்துக் காட்டினார். மேலும், ஆகஸ்ட் 27ஆம் திகதி பிறீபோட் என்னும் ஊரில் ஒரு கேள்வியையும் தொடுத்தார். இத்தகைய நிலப்பரப்புகளில் அடிமை முறையைத் தடைசெய்யக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்று உயர்நீதிமன்றம் 1857இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பையும் ஏற்று, குடியேறியோரே முடிவு செய்யலாம் என்றும் கூறுவது எவ்வாறு பொருந்தும்? உள்ளூர்ச் சட்டங்களின் பாதுகாப்பின்றி அடிமை முறை ஓரிடத்தில் ஒரு நாளும் நிலைக்காது என்றார் டக்ளஸ். அவர் முன்னரும் கூறிய கருத்தே அது. இலினோய் வாக்காளர் பலருக்கு அது உவப்பாயிற்று. ஏற்கெனவே அவர்மேற் சினந்திருந்த தென்மாநிலத்தாரோ அதனைத் துரோகம் என்றனர். 1859 ஜனவரியில் மாநிலச் சட்டசபை 54க்கு 46 என்ற வாக்குகளால் டக்ளஸையே தெரிவு செய்தது. ஆனால் 1860இல் அவருடைய ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கெனப் பிளவுண்டது, லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

கதை இத்துடன் முடியவில்லை. 1865 ஏப்ரல் 11ஆம் திகதி, உள்நாட்டுப் போர் முடிவடையும் வேளையில், வெள்ளை மாளிகையின் முன் கூடிய மக்களிடம் லிங்கன் பேசினார். கறுப்பினத்தவருள் அறிவாற்றல் மிக்கோருக்கும், போர்வீரராய்ப் பணிபுரிந்தோருக்கும் வாக்குரிமை வழங்குவதையே தாம் விரும்புவதாகக் கூறினார். சாள்ஸ்டனிற் சொன்னதற்கு இது நேர்மாறானது. இடையிலே நடந்ததென்ன? ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் மத்திய அரசின் படையிற் சேர்ந்து போரிட்டிருந்தனர். அம்மாற்றத்தை அவர் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு விலையும் கொடுத்தார். அக்கூட்டத்தில் நின்று அப்பேச்சைக் கேட்டுச் சீறிய ஜோன் வில்க்ஸ் பூத் என்பவனே மூன்று நாட்களின் பின் அவரைச் சுட்டான்.

ஒரே மனிதரின் வாழ்வில் இருவகை மாற்றங்களையும் காண்கிறோம். ஒன்று, இடத்துக்கேற்பக் குரல் மாறியது. மற்றது, காலமும் அனுபவமும் கற்பித்ததால் கருத்தே மாறியது. முன்னதனால் வாக்குகள் கிடைக்கும். பின்னதனால் பகையும் வரலாம். ஆகவே, அடுத்த முறை ஒரு வேட்பாளர் சொல் மாறினார் என்று கேள்விப்படும்போது, அவருடைய இரு பேச்சுகளையும் முழுமையாகத் தேடிப் படிப்போம். மாற்றத்துக்குரிய காரணத்தை அவரே வாய்திறந்து சொன்னாரா, அதனால் இழந்தவர் அவரா, அன்றி அக்கூட்டத்தில் இடம்பெறாத வேறு எவருமா என்று வினவுவோம். கைதட்டுவதற்கு அதன் பின்னரும் நேரமிருக்கும்.