பெட்ரோல் முள் சொன்ன பொய்

பொய் சொல்லுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பையில் பணத்தை வைத்துக்கொண்டே "ஒன்றுமில்லை" என்று கையை விரிக்கிறவன் ஒருவன். ஒன்றுமில்லாதபோதும் "வேண்டியது இருக்கிறது, தைரியமாய் வாருங்கள்" என்று அழைத்துப்போய் நட்டாற்றில் விடுகிறவன் மற்றொருவன். பழைய மோட்டார் வண்டிகளிலுள்ள பெட்ரோல் முள்ளிலும் இவ்விரு வகையுண்டு. எங்கள் சித்தப்பாவின் அம்பாஸடர் வண்டி முள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அம்பாஸடரை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வார்ப்பில், 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014இல் அங்கேயே உற்பத்தி நின்றுபோன வண்டி அது. சித்தப்பாவினுடையது 1960களின் ஆரம்பத்தில் வந்தது. திருச்சுழியில் அவர் வீட்டுத் திண்ணையை ஒட்டி அது நிற்கும் தோரணையைப் பார்த்தால், வீட்டுக்காரர் யார் என்று புதியவர்களுக்குச் சந்தேகமே வந்துவிடும்.

சித்தப்பாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு சித்திரை மாதத்து நள்ளிரவில் வலி கண்டுவிட்டது. அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். முள்ளைப் பார்த்தோம், பாதித் தொட்டி காட்டிற்று. அந்தத் தூரத்துக்கு அதில் கால் பங்கே தாராளம். புறப்பட்டோம். குண்டாற்றுப் பக்கம் விட்டு, இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிய வெட்டவெளிக்கு வந்ததும் வண்டி இரண்டு முறை விக்கிற்று, நின்றுவிட்டது. முள் மட்டும் பாதியிலேயே அசையாமல் நின்றது. அந்த இருட்டில் அவள் ஒரு தடவை, "அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மல்லிகைப்பூ மூட்டைகளோடு வந்த சிறு லாரிக்காரர் ஒருவர் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. பெயர் என்ன வைத்தோம் என்று நான் சொல்லாமலே நேயர்கள் ஊகித்திருப்பார்கள்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். பெரியவர், அதிகம் பேசமாட்டார். "வாத்தியார் சார், முள்ளு மேல தப்பில்லை. அதுக்குத் தப்பான சேதி போகுது" என்றார்.

அவர் சொன்னதன் தாத்பரியம் இதுதான். பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. எண்ணெய் ஏற இறங்க, அதன் கை ஒரு தடைக்கம்பியின்மேல் நகரும். மின்சாரம் சாவியிலிருந்து முள்ளுக்கும், முள்ளிலிருந்து தொட்டிக்கும் வந்து, தொட்டியின் உலோகம் வழியே வண்டியின் உடலில் சேர்ந்தால்தான் சுற்று முடியும். இந்தக் கடைசி இணைப்பைத்தான் 'எர்த்து' என்கிறார்கள்.

முள்ளில் இரு ஜாதி. சாவியைத் திருப்பியவுடன் துள்ளி எழுந்து, மேடுபள்ளத்தில் ஆடுவது பழைய சுருள் ஜாதி. உறக்கம் கலைந்தவன்போல் மெல்ல ஏறுவது பிற்காலத்துச் சூட்டு ஜாதி; உலோகப் பட்டை சூடேறி வளைவதால் நகருவது. இரண்டும் நேர் எதிரிடையானவை. தொட்டிக்குப் போகும் கம்பி அறுந்தால் சுருள் முள் 'நிறைந்திருக்கிறது' என்னும். சூட்டு முள் 'காலி' என்னும். கம்பி வண்டி உடலில் உராய்ந்து ஒட்டினால் இந்தச் சாட்சியம் அப்படியே தலைகீழாகும். எந்த ஜாதி என்று தெரியாமல் வைத்தியம் செய்யப்போகிறவர் கதி அதோகதிதான். ஆனால் மிதவையில் ஓட்டை விழுந்து எண்ணெய் புகுந்து அமிழ்ந்துவிட்டால், இரண்டு ஜாதியும் ஒருமுகமாய்க் 'காலி' என்றே காட்டும். சூட்டு முள் உள்ள வண்டியில் எண்ணெய் முள்ளும் வெப்பமுள்ளும் சேர்ந்தாற்போல் தவறினால், தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம். மின் அழுத்தத்தை நிலைப்படுத்தும் சிறு பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எங்களுடையது சுருள் முள். பெரியவர் தொட்டியைக் கழற்றவில்லை. சாவியை அணைத்துவிட்டு, ஒரு கம்பியின் ஒரு முனையைத் தொட்டி உறுப்பின் உலோகத்திலும், மறுமுனையைச் சுரண்டித் துலக்கிய வண்டியின் சட்டத்திலும் இறுகக் கட்டினார். பிறகுதான் சாவியைத் திருப்பச் சொன்னார். (இந்த வரிசையை மாற்றக் கூடாது. பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு பொறி போதும்.) பாதியில் நின்ற முள் சட்டென்று 'காலி'க்கு விழுந்தது. அன்றுதான் அது முதல்முதலாக உண்மை பேசிற்று.

காரணம் என்ன தெரியுமா? இரண்டு மாதத்துக்கு முன் சித்தப்பா தொட்டிக்குத் துருப் பிடிக்காதிருக்க வர்ணம் பூசச் செய்திருந்தார். பட்டை பிடிக்கும் இடத்திலும் திருகாணிகளின் அடியிலும்கூட வர்ணம் புகுந்து, உலோகத்தை உலோகம் தொடாமல் தடுத்துவிட்டது. போதாததற்கு நம் கரிசல் புழுதி. ஆக, தொட்டி காலியாயிருந்தும், எர்த்தில் ஏறிய தடையை அந்த முள் பாதித் தொட்டி எண்ணெயாகக் கணக்கிட்டுக்கொண்டது! அக்கறையினால் விளைந்த கேடு என்பது சித்தப்பாவுக்கு மிகவும் வருத்தம்.

நம் பக்கத்துக் கண்மாய்களில் இந்தத் தொல்லை இல்லை. கலிங்கில் நட்ட கல் தண்ணீரிலேயே நிற்கிறது. எத்தனை கல் மறைந்தது என்று கரையில் நின்றே கண்ணால் எண்ணிவிடலாம். இடையில் தூதுவன் கிடையாது.

சுரண்டித் துலக்கித் தனியாக ஒரு எர்த்துக் கம்பி போட்டானதும், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தைச் சித்தப்பா ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். முதல் ஐந்து லிட்டருக்கு முள் அசையக்கூட இல்லை. தொட்டியின் அடியில் மிதவை எட்டாத ஆழம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் காகிதம் இப்போது முள்ளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. தங்கையின் மகள் மல்லிகா அதைக் கிழிக்கப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா அவளைத் தூக்கிப் பின் ஆசனத்தில் உட்கார்த்திவிடுகிறார்.