சத்தமில்லாத எதிரி

மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பெருமளவு தடுக்க முடியும். தேவை ஒரு சிறு கருவி, மலிவான மாத்திரை, கொஞ்சம் அக்கறை. மூன்றாவதற்குத்தான் நாட்டில் பஞ்சம்.

காட்சி பல குடும்பங்களுக்குப் பழக்கமானது. விடியற்காலை. ஐம்பதைத் தொடும் குடும்பத் தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். வியர்த்துக் கொட்டுகிறது. "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை. கேஸ்தான்" என்கிறார். மனைவி ஓமத் தண்ணீர் தருகிறார். மகன் சோடா வாங்க ஓடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து முதுகைத் தடவிவிடுகிறார். ஆஸ்பத்திரி நினைவு வரும்போது மணி எட்டு. அதற்குள் இதயத் தசையின் ஒரு பகுதி மீட்க முடியாதபடி செத்துவிடுகிறது.

கான்பூரானாலும் கோயம்புத்தூரானாலும் கதை இதுதான். இதில் இந்தியர்களுக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய நிபுணர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட சுமார் 6 ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதில் வருவதாகக் கண்டது. சம்பாதிக்கும் வயது. பிள்ளைகள் படிப்பை முடிக்காத வயது.

2004ல் வெளியான அதே ஆய்வு ஒரு நல்ல செய்தியும் சொன்னது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மன உளைச்சல், காய் கனி போதாமை, உடற்பயிற்சியின்மை, மது என ஒன்பது விஷயங்களே மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்பு. விதியின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

எண் தெரியுமா?

ஒன்பதில் மிகவும் தந்திரமானது ரத்த அழுத்தம். வலிக்காது, தலைசுற்றும் என்று நம்பிக் காத்திருப்பவர்களைப் பல ஆண்டுகள் ஏமாற்றும். பக்கவாதத்துக்கு முதல் காரணமும் அதுவே. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் ரத்த அழுத்தம் அதிகம், அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

இந்த எதிரியைப் பிடிக்க 2017 நவம்பரில் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் இந்தியப் பிரிவு ஆகியவை கைகோத்தன. பெரிய ஆஸ்பத்திரி, விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஜிட்டல் பி.பி. கருவி. டாக்டர் மாறினாலும் மாறாத எளிய மருந்துப் பட்டியல். பெரும்பாலும் அம்லோடிபினில் தொடக்கம். ஒரு மாதத்துக்கான மாத்திரை ஒரே தடவையில் கையில். வராதவர்களுக்கு நினைவூட்டல். சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. 2022ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது.

அப்படியானால் மீதிப் பாதி? அங்கேதான் சிக்கல். 'பி.பி. நார்மல் ஆயிடுச்சு' என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். நார்மல் ஆனதே மாத்திரையால்தான் என்பது அவர்களுக்குப் புரிவதற்குள் சில சமயம் காலம் கடந்துவிடுகிறது.

உப்பும் ஒரு வில்லன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடுவது சுமார் 8 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

நேரமே மருந்து

தடுப்பு தோற்றுப்போனால் கடிகாரம் முக்கியம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது: மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் பக்கவாதம் என்றே கருத வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். எனவே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போவதே புத்திசாலித்தனம். வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். 'எழுந்தால் சரியாகிவிடும்' என்று படுக்கவைப்பது அதைவிட ஆபத்து.

மாரடைப்பில் வலி நெஞ்சோடு நிற்காமல் தோள், இடது கை, தாடை வரை பரவலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வருவதுண்டு. 'வேலை அதிகம், அதான்' என்று சமையலறையிலேயே சமாளிக்கும் பெண்கள்தான் தாமதமாக வந்து சேர்கிறார்கள்.

பால் கணக்கு, இன்ஷூரன்ஸ் தவணை, பிள்ளையின் பரீட்சைத் தேதி எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர்களிடம் அவர்களுடைய ரத்த அழுத்தம் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பேசாமல் பார்க்க வேண்டிய சோதனை இது. அரசு சுகாதார நிலையத்தில் செலவும் இல்லை.

ஓமத் தண்ணீர் அஜீரணத்துக்கு நல்லதுதான். ஆனால் அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை அது திறந்ததாக வரலாறு இல்லை.