ஆறு முகங்கள்

என் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். அதில் வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகத்தில் கண்ணீர். வலி எந்த முகத்தில் இருக்கிறது என்று குழந்தை விரல் வைத்துக் காட்ட வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் டல்சா நகரில், தீப்புண் பட்ட குழந்தைகளுக்காக டோனா வாங், கோனி பேக்கர் என்ற இரு பெண்கள் உருவாக்கியது.

வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். ரத்தப் புற்றுக்கு இனி கீமோ பயன் தராது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஏழு வயதுக்காரி, அந்த அட்டைக்கு 'ஆறுமுகம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு முறையும் இரண்டாவது முகத்தைத்தான் தொடுவாள். ஒருநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம், விரல் ஐந்தாவதுக்குப் போனது.

"அம்மா இருந்தா ரெண்டாவதுதான் நர்சக்கா. இல்லேன்னா அம்மா அழும்."

மகளுக்குத் தெரியக் கூடாதென்று அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரிடம் போனில் பேசி மார்ஃபின் அளவைக் கூட்டினோம். பாட்டி பதறினார். "அது சாகப்போறவங்களுக்குக் குடுக்குறதாச்சே தாயி?" எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். வலிக்கு, எடை பார்த்து அளந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திராமல், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதற்கான மருந்தை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். 2014-ல் போதைப்பொருள் சட்டம் தளர்ந்தும் எல்லா மருந்துக் கடையிலும் மார்ஃபின் கிடைப்பதில்லை என்பது என் தீராத ஆத்திரம்.

அண்ணனுக்குப் பதினொரு வயது. படிப்பு கெடுமென்று சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் வாசல்வரை என் பின்னாலேயே வந்தான்.

"ஊஞ்சல்லேருந்து நான்தான் அவளைத் தள்ளிவிட்டேன். அதனாலதான் வந்துச்சா?"

எத்தனை மாதமாகச் சுமந்தானோ. "இல்லவே இல்லடா" என்று அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, மருந்து நேரம் குறிக்கும் வேலையைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவன் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் நேரம், மில்லி, முகத்தின் எண். கடைசி வரி: 'ராத்திரி 10 மணி. குடுத்தாச்சு. அம்மா இருந்தாங்க. மூணாவது முகம்.'