கிளட்ச் பெடல் தரையைத் தொட்டால்... வீட்டிலேயே சரி செய்யலாம்

திண்டிவனம், மரக்காணம் வட்டாரத் தர்ப்பூசணியும், நிலக்கடலையும், காய்கறியும் பெரும்பாலும் சிறிய சரக்கு வண்டிகளில்தான் சந்தைக்குப் போகின்றன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் வண்டி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்று நின்று நகரும்போது கிளட்சைப் பலமுறை மிதிக்க நேரிடும். பழைய வண்டிகளில் சில சமயம் அங்கேயே பெடல் தரையோடு ஒட்டிக் கொள்ளும், கியர் விழாது. சரக்கு வெயிலில் வாடும். தட்டு தேய்ந்து விட்டது என்று எண்ணி கியர் பெட்டியை இறக்கினால் வீண் செலவு ஏற்படும். முதலில் எண்ணெயையும் காற்றையும் கவனிக்க வேண்டும்.

கோளாறை அறிதல்

பல வண்டிகளில் கிளட்ச், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குகிறது. பெடலை மிதித்தால் மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். கியர் பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும். எண்ணெய் அழுந்திச் சுருங்காது, காற்றோ சுருங்கும். எனவே குழாயில் சிறிது காற்று புகுந்தாலும் மிதி வீணாகி, பெடல் மெத்தென்றாகும்.

இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் பெடல் கெட்டியானால், காற்று புகுந்துள்ளது எனலாம். மிதித்துப் பிடித்திருக்கையில் பெடல் மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். பெடல் கெட்டியாக இருந்தும், என்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் தட்டுத் தேய்மானம். இதற்குப் பட்டறைக்கே செல்ல வேண்டும்.

பாகம் மாற்றுதல்

பெடலுக்கு மேலே கசிவு தெரிந்தால் மாஸ்டர் சிலிண்டரையும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே வயதுடையவை என்றால் சேர்த்தே மாற்றுவது நலம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் புகுவது உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கிகள் வைத்து, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். குழாய் நட்டை முதலில் கையால் முறுக்கிய பிறகே ஸ்பானர் போட வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் கியர் பெட்டிக்குள்ளேயே அமைந்த வண்டியில் இவ்வேலையைப் பட்டறையில் செய்வதே சரி.

ஏர் எடுக்கும் முறை

இதற்கு இருவர் தேவை. பெடல் அருகே ஒருவரும், ஸ்லேவ் சிலிண்டர் அருகே மற்றவரும் இருக்க வேண்டும்.

1. தொட்டியில் வண்டிக் கையேடு கூறும் டாட் 3 அல்லது டாட் 4 எண்ணெயை மேல்கோடு வரை நிரப்பவும்.

2. ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புட்டியில் சிறிது எண்ணெய்க்குள் அமிழ்த்தவும்.

3. பெடலை மூன்று நான்கு முறை மெதுவாக மிதித்து, கடைசியில் அழுத்திப் பிடிக்கவும்.

4. நிப்பிளை அரைச் சுற்றுக்குள் திறக்கவும். எண்ணெயுடன் குமிழிகள் வரும்.

5. நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முன்பே விட்டால் வெளிக்காற்று உள்ளே திரும்பிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

குமிழி நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யவும். இடையே தொட்டி காலியாகாமல் பார்த்து, எண்ணெய் ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் இதே தொட்டிதான். அதில் எண்ணெய் வற்றிப் பிரேக்கிலும் காற்று புகுந்திருந்தால், அதையும் சரி செய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

எச்சரிக்கை

என்ஜின் ஆயிலையோ, ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. மழைக்காலத்தில் திறந்து வைத்த பழைய புட்டியைப் பயன்படுத்தாமல், முத்திரையுள்ள புதிய புட்டியையே வாங்குவது நல்லது. வண்டிப் பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வடிந்த எண்ணெயை மீண்டும் ஊற்றக் கூடாது. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டவும் கூடாது. இது நச்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

முடிவில் கைப்பிரேக் போட்டு, என்ஜினை ஓட்டி, பின்கியர் போட்டுப் பார்க்கவும். கரகரப்பின்றி விழுந்தால் வேலை முடிந்தது. அறுவடைக்கு முன்பே இதைப் பார்த்துக் கொண்டால், சரக்கு நேரத்தில் சந்தை சேரும். கியர் பெட்டியை இறக்கும் கூலியும் மிச்சமாகும்.