ஓயாமல் அடிக்கும் மணி

எட்டு வயதுச் சிறுவன் அவன். நிமோனியா வரும், போகும், மறுபடி வரும். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவனுக்குச் சிகிச்சை தந்த அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அவன் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமே இல்லாததைக் கண்டு 1952-ல் எழுதினார். குறை எங்கே என்பது தெரிய 1993 ஆயிற்று. ஒரே ஒரு கைனேஸ் நொதி பழுது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: புரூட்டன் டைரோசின் கைனேஸ், சுருக்கமாக பி.டி.கே.

அந்த நொதி இல்லாவிட்டால், எதிர்ப்புப் புரதம் செய்யும் வெள்ளணுக்களான பி செல்கள் வளர்வதில்லை. அடங்காவிட்டால்? அதுதான் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் கதை.

கைனேஸ் செய்வது சின்ன வேலை. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொள்கிறது. பி செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் கிருமி சிக்கினால், லின், சிக், பி.டி.கே. என்ற கைனேஸ்கள் வழியாகச் செய்தி கைமாறிப் போய், கடைசியில் என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் நுழைகிறது. ‘பெருகு, சாகாதே’ என்பதுதான் அது கொண்டுபோகும் உத்தரவு. கிருமி ஒழிந்ததும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். சிலவகை லிம்போமாவில் அடங்குவதில்லை. அழுத்திய காலிங் பெல் சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்ட மாதிரி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் லூயிஸ் ஸ்டாட் குழு 2010-ல் ‘நேச்சர்’ இதழில் இதைக் காட்டியது. பரவலான பெரிய பி செல் லிம்போமாவின் ஒரு வகையில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டியில் ஏற்பியை ஒட்டிய புரதத்திலேயே மரபணு மாற்றம் இருந்தது. அவ்வகைச் செல்களில் பி.டி.கே.யை முடக்கினால் செல்கள் செத்தன.

முடக்கும் மருந்து இப்ருட்டினிப். செலேரா நிறுவனத்தில் ஆய்வகக் கருவியாக உருவான மூலக்கூறு அது. பெரிதாக யாரும் நம்பிக்கை வைக்கவில்லை. 2006-ல் அது ஃபார்மாசைக்ளிக்ஸ் கைக்கு வந்தது. பி.டி.கே.யின் 481-வது இடத்தில் இருக்கும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்தால் அது விடுவதில்லை; செல் புதிதாக நொதி செய்தால்தான் உண்டு. மான்டில் செல் லிம்போமா என்ற வகை திரும்ப வந்த 111 பேருக்குக் கொடுத்ததில் 68 சதவீதம் பேருக்குக் கட்டி கரைந்தது அல்லது சுருங்கியது. 2013 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஒரு வேடிக்கை: மாத்திரை தொடங்கியதும் நெறிக்கட்டி வற்றும், ரத்தத்திலோ வெள்ளணு எண்ணிக்கை ஏறும். பயந்துவிடக் கூடாது. நெறியில் ஒண்டியிருந்த செல்கள் வெளியே துரத்தப்படுகின்றன, அவ்வளவுதான்.

இதைக் குணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 111 பேரில் நோய் மீண்டும் தலைதூக்காத காலத்தின் இடைநிலை 13.9 மாதம்தான். 481-ல் சிஸ்டைன் போய் செரின் என்ற வேறு அமினோ அமிலம் வந்தால் போதும், மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. அந்தப் பிடியே தேவைப்படாத பிர்ட்டோபுருட்டினிப் 2023 ஜனவரியில் வந்திருக்கிறது. புற்றுநோய் செல் அதற்கும் வழி தேடும்.

இப்ருட்டினிப் சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், ரத்தக்கசிவும் வரலாம். இதயக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டி வற்றிவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.